எடுத்த படம் எங்கே போகிறது?

விமான நிலையத்தை நான் வெளியே நின்றுகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் என் அம்மா.

மைக்ரோவேவ் லேபில் எக்ஸ் பேண்ட் பெஞ்சைக் காட்டி எங்கள் சார், "இதோட தம்பி மாதிரி ஒரு அலைதான்பா அமெரிக்க ஏர்போர்ட்டுல ஆளையே ஸ்கேன் பண்ணுது" என்றார். அன்று மாலையே வீட்டில் பெருமையாக அளந்து விட்டேன். எங்கள் குடும்பத்தில் எட்டாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அதனால் நான் எதைச் சொன்னாலும் அம்மா காது கொடுத்துக் கேட்பார். துணிக்குள் இருப்பது தெரியும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "பொம்பளைங்களையுமா? எடுத்த படத்த அப்புறம் என்ன பண்ணுவாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்தேன்.

மெஷின் வேலை செய்யும் விதம் நமக்குப் புதிதல்ல. நாம் லேபில் பார்ப்பது ஏறக்குறைய 10 கிகாஹெர்ட்ஸ். இதில் 24 முதல் 30 வரை. கணக்குப் போட்டால் அலைநீளம் 10 மில்லிமீட்டருக்கு மேலேயே வரும், ஆனாலும் பெயரென்னவோ மில்லிமீட்டர் அலைதான்! துணி அதைத் தடுக்காது, தோல் திருப்பி அனுப்பிவிடும். ஆன்டெனா வரிசை ஆளைச் சுற்றிவர, திரும்பி வந்த அலையிலிருந்து கம்ப்யூட்டர் உருவத்தை வரைகிறது. மெல்லிய எக்ஸ்ரே தெறித்து வருவதைப் பிடிக்கும் இன்னொரு வகையும் அங்கே இருந்தது.

2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் வெடிமருந்தை மறைத்து ஏறி, வெடிக்கவைக்க முயன்று பிடிபட்டான். உலோகம் இல்லாத வெடிமருந்தை மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிக்காது. அதன்பிறகு இந்த மெஷின்கள் அமெரிக்காவில் மளமளவென்று வந்தன. அப்போது படத்தைப் பார்ப்பவர் தனி அறையில் இருப்பார். பயணியை நேரில் பார்க்க மாட்டார். அந்த அறைக்குள் கேமராவும் செல்போனும் கூடாது. முகம் மங்கலாக்கப்படும். படத்தைச் சேமிக்க மெஷினால் முடியவே முடியாது என்று டி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு நிர்வாகம் சொன்னது.

இந்த "முடியாது" என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. எபிக் என்ற அமைப்பு தகவல் பெறும் சட்டப்படி வழக்குப் போட்டு, மெஷின் வாங்க 2008ல் எழுதப்பட்ட ஸ்பெசிஃபிகேஷனை வெளியே கொண்டுவந்தது. சோதனை மோடில் படத்தைச் சேமிக்கவும் அனுப்பவும் வசதி வேண்டும் என்று அதில் இருந்தது! விமான நிலையத்துக்கு வரும்போது அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கும் என்பது நிர்வாகத்தின் விளக்கம். யோசித்துப் பார்த்தால் அந்த வசதி இருப்பதில் அதிசயம் இல்லை. பழுது பார்க்கவும் பயிற்சி தரவும் ஒரு படத்தைப் பிடித்து வைத்துப் பார்த்தாக வேண்டும். ஸ்டோரேஜ் ஆசிலோஸ்கோப்பில் நாம் அலையை நிறுத்திப் பார்க்கவில்லையா? ஆனால் அப்படியென்றால் அது "முடியாது" அல்ல, "செட்டிங்கில் அணைத்திருக்கிறோம்" என்பதுதான். இரண்டும் ஒன்றாகுமா?

ஆகாது என்பதை ஒரு நீதிமன்றம் காட்டியது, தீர்ப்பால் அல்ல, வாசலில் இருந்த மெஷினால். ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவின் ஃபெடரல் நீதிமன்றத்தில் மார்ஷல் துறை வைத்திருந்த ஸ்கேனரில் சுமார் 35,000 படங்கள் அப்படியே சேர்ந்து கிடந்தது 2010 ஆகஸ்டில் தெரியவந்தது. அவற்றில் நூறு அந்த நவம்பரில் பத்திரிகைக்காரர்கள் கைக்குப் போய் வெளியாகின. படங்கள் தெளிவில்லாதவை, ஆளை அடையாளம் தெரியாது. அது விமான நிலைய மெஷினும் அல்ல. இருந்தாலும் உள்ளே நுழைந்தவர்கள் தங்கள் உருவத்தை அங்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்று நினைத்திருப்பார்களா?

அடுத்த வருஷமே ஐரோப்பிய யூனியன் தன் விமான நிலையங்களில் இந்தப் படங்களைச் சேமிக்கவோ நகல் எடுக்கவோ கூடாது என்று விதி போட்டது. அமெரிக்கா மனிதக் கண்ணையே விலக்கியது. சந்தேகப் பொருளை சாஃப்ட்வேரே தேடும். திரையில் எல்லோருக்கும் ஒரே கோட்டுப் பொம்மை. சந்தேகமான இடத்தில் மஞ்சள் கட்டம், ஒன்றும் இல்லையென்றால் பச்சையில் ஓகே. 2012ல் அங்கே இதைச் சட்டமாகவே போட்டார்கள். எக்ஸ்ரே வகையைச் செய்த கம்பெனியால் கெடுவுக்குள் அந்த சாஃப்ட்வேரைத் தர முடியவில்லை. 2013 மே மாதத்துக்குள் அந்த மெஷின்கள் எல்லாம் விமான நிலையங்களிலிருந்து வெளியேறின. கதிர்வீச்சு பயத்தால் எடுத்தார்கள் என்று நானும் நினைத்திருந்தேன்!

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "பொம்மையே போதும்னா மொதல்லயே பொம்மையா காட்டிருக்கலாமேப்பா" என்றார். அதற்கும் பதில் தேடி வைத்திருந்தேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் விமான நிலையத்தில் 2010லேயே அப்படி வைத்துப் பார்த்தார்கள், ஆனால் பொய் அலாரம் நிறைய அடித்தது, துணி மடிப்புக்கெல்லாம் மெஷின் கத்தியது என்றேன்.

"அப்ப நான் சேலை கட்டிக்கிட்டுப் போனா?" என்று அம்மா கொசுவத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.