சோற்றுக் கற்றாழையா, யானைக் கற்றாழையா? வாசல்ல வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

நர்சரியில ஒரு சாண் உயரத்துல, சாம்பல் பூத்த நீல நிறத்துல அந்தச் செடியைப் பார்த்தா யாருக்கும் வாங்கத் தோணும். அதிகம் தண்ணி கேட்காது, வெயிலுக்கு வாடாது. கெடார், காணை பக்கம் அடிக்கிற சித்திரை வெயிலுக்குத் தோதான செடிதான். ஆனா, வளர்ந்தா எவ்வளவு இடத்தைப் பிடிக்கும்னு கேட்டீங்களா?

அதுதான் யானைக் கற்றாழை. பூர்வீகம் மெக்சிகோ. ஒரு மடல் ஆறு அடி வரை நீளும். முழுசா வளர்ந்த செடிக்கு 10, 12 அடி அகலம் தாராளமா வேணும். ரயில் பாதை ஓரம் வேலியா நின்னதால ரயில் கற்றாழைன்னும் சொல்வாங்க. ஓரத்துல மஞ்சள் கோடு போட்டு வர்ற வகையும் இதேதான். 'அது சின்னதாத்தான் இருக்கும்'னு நம்பிடாதீங்க.

எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? சோற்றுக் கற்றாழை மடல் மெத்துனு இருக்கும், அறுத்தா வழவழப்பான சோறு வரும், நுனி குத்தாது. யானைக் கற்றாழையில மடலோட ரெண்டு ஓரத்திலும் கொக்கி முள், நுனியில கறுத்த ஊசி. உள்ளே முழுக்க நார். இளம் மடல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வளர்றதால, முள்ளோட தடம் மடல் மேல அச்சு மாதிரி பதிஞ்சிருக்கும். ஓரத்துல முள் இல்லாம வாள் மாதிரி நேரா நின்னா, அது பெரும்பாலும் கயிறு திரிக்கிற நார்க் கற்றாழை. அதுக்கும் நுனியில ஊசி உண்டு.

இந்த வித்தியாசம் தெரியலைன்னா ஆபத்து. இதோட சாறுல ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் இருக்கு. தோல்ல பட்டாலே எரிச்சலும் கொப்புளமும் வரும். 2017-ல சீனாவுல ஒரு பெண் சோற்றுக் கற்றாழைன்னு நினைச்சு இதை நேரலையில கடிச்சுத் தின்னு, வாய் மரத்து மருத்துவமனைக்குப் போன செய்தி உலகம் முழுக்கப் பரவுச்சு. முகத்துக்குப் பூசுறேன்னு தெரியாத மடலை ஒடிக்காதீங்க.

நடும்போது வெயிலைப் பத்திக் கவலையே வேண்டாம், மழையைத்தான் யோசிக்கணும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. கொட்டினது ஞாபகம் இருக்கும். வேர்ல தண்ணி தேங்கினா இந்தச் செடி அடியோட அழுகிடும். அதனால, பள்ளம் தோண்டாம ஒரு அடிக்கு மேடு கட்டுங்க. செம்மண்ணோட பாதிக்குப் பாதி மணலும் சரளையும் கலங்க. வேர் பிடிக்கிற வரைக்கும் வாரம் ஒரு தண்ணி போதும். ஐப்பசி, கார்த்திகையில ஒரு சொட்டுகூட ஊத்த வேண்டாம்.

நடைபாதையில இருந்து ஏழு அடியாவது தள்ளி வைங்க. நுனி ஊசி குழந்தைங்க கண் மட்டத்துலதான் நிற்கும். ஊசியை மட்டும் கத்தரிச்சா செடிக்கு ஒண்ணும் ஆகாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கோங்க. ஓடி விளையாடுற பிள்ளைங்க இருக்குற வீடுன்னா, இதை விட்டுட்டு முள்ளே இல்லாத நரிவால் கற்றாழையை வாங்குறது புத்திசாலித்தனம். அதுக்குக் கொஞ்சம் நிழல் வேணும், அவ்வளவுதான்.

பத்து வருஷமோ, முப்பது வருஷமோ கழிச்சு நடுவுல இருந்து இருபது அடிக்கு மேல ஒரு தண்டு கிளம்பும். மஞ்சள் பூ பூக்கும். பூத்து முடிஞ்சதும் தாய்ச்செடி காய்ஞ்சுடும். நீங்க எதுவும் தப்பு பண்ணலை, அதோட குணமே அப்படித்தான். காய்ஞ்ச தண்டு காத்துல சாயறதுக்கு முன்னாடி வெட்டிடுங்க, மேலே கரன்ட் கம்பி இருந்தா மின்வாரியத்துக்குச் சொல்லிட்டு. சுத்தி முளைச்சிருக்குற பக்கக் கன்றுல ஒண்ணைப் பெயர்த்து, நாலு நாள் நிழல்ல வெட்டுக்காயம் ஆறவிட்டு, அதே மேட்டுல நட்டுக்கலாம்.