எந்த அலைநோக்கியை வாங்குவது?

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தாம் அமைத்த எண்ணிச் சுற்றைக் கள்ளக்குறிச்சிக்கு என்னிடம் எடுத்து வந்தார். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அது ஐந்து என்று காட்டியது. "எங்கே தவறு, சார்?" என்றார்.

நீங்கள் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மின்னழுத்தம் நேரத்துடன் மாறுவதை வரைந்து காட்டும் அலைநோக்கி, அதாவது ஆசிலாஸ்கோப், தேவை. இதில் இரு வகைகள் உண்டு.

அனலாக் வகை, 1897-இல் பிரவுன் அமைத்த கதிர்க்குழாயின் வழிவந்தது. எலெக்ட்ரான் கற்றை திரையில் அலையை நேரடியாக வரையும். தொடர்ந்து வரும் அலைக்கு மிக நன்று. ஆனால், பொத்தானை அழுத்தியபோது ஒரு மினுக்கல் தோன்றி மறைந்தது, அவ்வளவுதான்.

டிஜிட்டல் வகை மின்னழுத்தத்தை விட்டுவிட்டு அளந்து நினைவில் வைக்கும். அதில் விடை நிலைத்து நின்றது. பொத்தானின் உலோகத் தகடுகள் சில மில்லிநொடிகளுக்குள் பலமுறை துள்ளித் தொட்டிருந்தன!

டிஜிட்டலும் ஏமாற்றுவதுண்டு. நொடிக்கு 1,000 முறை மட்டும் அளந்தால், 900 ஹெர்ட்ஸ் அலை 100 ஹெர்ட்ஸ் அலையாகத் தோன்றும். எனவே விலைக்கு முன் அளக்கும் வேகத்தைக் கேளுங்கள்.

புதுடெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் உருவாக்கிய 'எக்ஸ்ப்ஐஸ்' கருவி, கணினியோடு இணைந்து நொடிக்கு 10 லட்சம் முறை வரை அளக்கும். ஒலி, பொத்தான், சைக்கிள் டைனமோ ஆகியவற்றை ஆராய அது போதும். பழைய அனலாக் கருவி கிடைத்தால் மறுக்காதீர்கள். ஆனால் உள்ளே உயர் மின்னழுத்தம் இருப்பதால் திறக்காதீர்கள். வீட்டு மின்சாரத்தை எந்த அலைநோக்கியிலும் நேரடியாக இணைக்காதீர்கள்.

மாணவரின் சுற்றில் ஒரு மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்தோம். எண்ணி 'ஒன்று' என்றது.