வலிக்காத கண் நோய்

கண் சிவந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். 'மெட்ராஸ் ஐ' பரவுகிற நாட்களில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைகிறார்கள். கறுப்புக் கண்ணாடிகளுக்குக் கிராக்கி உண்டாகிறது. பெரும்பாலோருக்குச் சில நாட்களில் நோய் தானாகவே விலகிவிடுகிறது. ஆனால் மனிதனை உண்மையிலேயே குருடாக்குகிற வைரஸ் ஒன்று உண்டு. அது கண்ணைச் சிவக்கச் செய்வதில்லை, வலியும் உண்டாக்குவதில்லை. நோயாளி முறையிடுவதற்குள் பார்வையில் ஒரு பகுதி போய்விடுகிறது. அதைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம்.

சைட்டோமெகலோ என்பது அந்த வைரஸின் பெயர். பெயர் புதிதாக இருக்கலாம், கிருமி பழையது. நமது தேசத்தில் வயது வந்தவர்களில் பெரும்பாலோரின் உடலில் அது அடங்கிக் கிடக்கிறது. உடலின் காவல் பலமாக உள்ளவரை அது தலையெடுப்பதில்லை. எச்.ஐ.வி. கிருமியால் அந்தக் காவல் குலைந்து, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500-க்கு மேல் இருக்க வேண்டிய சி.டி.4 அணுக்கள் 50-க்கும் கீழே இறங்கும்போது, அது விழித்திரையை அரிக்கத் தொடங்குகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கும், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்குங்கூட இந்த அபாயம் உண்டு. அழிந்த விழித்திரை மீண்டும் வளர்வதில்லை. கவனியாது விட்டால் மற்றக் கண்ணையும் நோய் பற்றிக்கொள்ளும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-ம் வருஷத்தில் சென்னையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். 2004-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் இந்திய சர்க்கார் கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதனால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. ஆயினும் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி, நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிப் படியேறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்ணை இழக்கும் அபாயம் அவர்களுக்கே அதிகம்.

மருந்து இல்லையா? இருக்கிறது. அதைப் பெறுவதற்கு நடந்த போராட்டத்தில் சென்னைக்குப் பங்கு உண்டு. கான்சிக்ளோவிர் என்ற பழைய மருந்தை நாள்தோறும் நரம்பில் ஏற்ற வேண்டும். அல்லது கண்ணிலேயே ஊசி போட வேண்டும். அந்த ஊசி அந்த ஒரு கண்ணை மாத்திரமே காக்கும். அதே மருந்தை வாய்வழி உட்கொள்ளத் தக்கதாக மாற்றியதுதான் வால்கான்சிக்ளோவிர் மாத்திரை. ஸ்விட்ஸர்லாந்தின் ரோஷ் கம்பெனிக்கு அதன்மீது 2007-ல் சென்னைப் பேடண்ட் ஆபீஸ் ஏகபோக உரிமை அளித்தது. எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்களின் சங்கங்கள் அதை எதிர்த்து நின்றன. இந்திய மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்தன. வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கும் அங்கிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கும் சென்றது. கடைசியில் 2010-ல் அதே பேடண்ட் ஆபீஸ் அவ்வுரிமையை ரத்து செய்தது. நோயாளிகளே முன்னின்று பெற்ற வெற்றி இது. 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இம்மாத்திரையை அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தது.

ஆனால் நோயைக் காணாதவரை மாத்திரையால் என்ன பயன்? அதைக் காண்பதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டியதில்லை. கண்ணில் மருந்துத் துளிகள் விட்டுப் பாப்பாவை விரியச் செய்து, தலையில் மாட்டிய விளக்கும் கையில் ஒரு வில்லையுமாக, பழகிய வைத்தியர் ஒருவர் விழித்திரையின் ஓரம்வரை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நோய் தென்பட்டால் முதல் மூன்று வாரங்களுக்கு நாள் ஒன்றுக்கு 450 மில்லிகிராம் மாத்திரை நான்கு, பிறகு, சி.டி.4 அணுக்கள் 100-க்கு மேல் ஏறிச் சில மாதங்கள் நிலைக்கும்வரை, நாள் ஒன்றுக்கு இரண்டு. இரத்த அணுக்களை இம்மருந்து குறைக்கக்கூடுமாதலால் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

ஆகவே நமது கோரிக்கை எளியது. சி.டி.4 அணுக்கள் குறைந்து வருகிற ஒவ்வொருவருக்கும், பார்வையில் குறை சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சிகிச்சை தொடங்கும்போதே கண்ணைச் சோதிக்க வேண்டும். கண் வைத்தியர் இல்லாத நிலையம் இருந்தால், அங்குள்ள டாக்டர்களுக்கே இப்பயிற்சியை அளிக்க வேண்டும். மாத்திரை பட்டணத்து ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிடாமல் ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். இது தயவு அல்ல, கடமை.

பொதுக் காரியங்களில் ஈடுபட்ட அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்த எவரேனும் இச்சிகிச்சை பெற்று வந்தால், 'கண்முன் புள்ளிகள் மிதக்கின்றனவா? ஓரத்தில் நிழல் விழுகிறதா?' என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் விடாதீர்கள். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட அழைத்துச் செல்லுங்கள். உயிர் பிழைத்தவன் தன் பிள்ளைகளின் முகத்தைக் காண முடியாமற்போனால் அந்தச் சிகிச்சை பாதிதான் முடிந்தது என்பது நமது அபிப்பிராயம்.