அந்தி வேளையும் அரிய பறவையின் குரலும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், சித்தூர், திருப்பதிப் பகுதியில் அமைந்துள்ள விஜயபுரம் போன்ற குன்றடி ஊர்களில் வாழ்வோர் காட்டைக் கண்ணால் காண்பதைவிடக் காதால் கேட்பதே அதிகம். முட்புதர்கள் அடர்ந்த இக்காடுகளில் பத்தடி தூரத்தில் நிற்கும் விலங்குகூடத் தென்படுவதில்லை. ஆயினும் மயிலின் அகவலும், ஆந்தையின் அலறலும், பக்கிப் பறவை ஒரே தாளத்தில் எழுப்பும் ஒலியும் அது அது இருக்குமிடத்தைத் தெரிவித்துவிடுகின்றன.

அந்தியில் ஒலி தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பகலில் நிலம் சூடேறுவதால், நிலத்தையொட்டிய காற்று மேலேயுள்ள காற்றைவிட வெப்பமாக இருக்கும். அப்போது ஒலியலைகள் மேல்நோக்கி வளைந்து சென்றுவிடும். சூரியன் மறைந்தபின், வானம் தெளிந்திருந்தால், நிலம் விரைவில் குளிர்கிறது. கீழுள்ள காற்றும் குளிர்ந்து, மேலுள்ள காற்று வெப்பமாக இருப்பதால் ஒலியலைகள் தரையை நோக்கி வளைகின்றன. காற்றும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே பகலில் எட்டாத குரல் அந்தியில் நெடுந்தூரம் எட்டுகிறது.

இவ்வாறு காதால் கேட்டறிவதன் பயனுக்குத் தக்க சான்று ஜெர்டான் கல்குருவி. ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்பறவை இரவில் நடமாடுவது; ஆபத்தை உணர்ந்தால் பறப்பதைவிடப் புதருக்குள் ஓடி மறைவதையே விரும்புவது. தெலுங்கில் இதற்குக் கலிவிக்கோடி என்று பெயர். 1848இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமான இப்பறவை 1900க்குப் பிறகு காணப்படவில்லை. அற்றுப்போயிற்று என்றே பலரும் கருதினர். 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்தில், உள்ளூர் மக்களின் துணையுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அதை மீண்டும் கண்டனர். அப்பகுதியில் ஸ்ரீலங்கமல்லேசுவரர் வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது.

ஆயினும் ஒரு தொல்லை நீடித்தது. பறவை எங்கெங்கே, எத்தனை வாழ்கின்றன என்பதை அறிய வழியில்லை. இரவில் கைவிளக்குடன் தேடுவதும், மென்மண் பரப்பிய பட்டைகளில் கால்தடம் பார்ப்பதும், தானியங்கிக் காமிராக்களை வைப்பதும் பெரும் உழைப்பைக் கோரின. பின்னர், பஞ்சாபகேசன் ஜெகநாதன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதன் குரலை முதன்முதலாகப் பதிவு செய்தனர். ஈரசையாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அக்குரல், சூரியன் மறைந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்தே தொடங்குகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டவர், பறவைக்கு அருகிலேயே இருந்தாலும் அதன் இருப்பை அறியமாட்டார்.

இவ்வறிவு நடைமுறையில் பெரிதும் வேண்டப்படுவது. 2005இல், சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொணரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வேலை இப்பறவை வாழும் புதர்க்காட்டுக்குள் புகுந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதனைச் சுட்டிக்காட்டவே வேலை நிறுத்தப்பட்டு, பின்னர் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. பறவை வாழும் இடம் முன்பே தெரிந்திருந்ததனால்தான் இது இயன்றது. இடம் அறியப்படாத உயிரினத்தைக் காக்க எவராலும் இயலாது.

அதன்பின் பல்லாண்டுகள் இப்பறவை இருப்பதற்கான உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பறவை ஆர்வலர் சிலர் அதன் குரலை ஆந்திரப் பிரதேசத்தில் மீண்டும் பதிவு செய்தனர். இம்முறையும் காதே முதலில் செய்தி தந்தது. இதிலிருந்து அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு: ஓரிரு மாலைகளில் குரல் கேட்கவில்லை என்பதனால் பறவை இல்லை என்று முடிவு செய்யலாகாது.

களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் இம்முறையைத் தத்தம் ஊரிலேயே கையாளலாம். ஊரின் எல்லையில், அபாயமற்ற ஓரிடத்தைத் தேர்ந்து, சூரியன் மறைந்தது முதல் ஒரு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். கேட்ட ஒவ்வோர் ஒலிக்கும் தேதி, நேரம், திசை, காற்றின் நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் ஒலியைப் பதிந்துகொள்வது நலம். ஒன்றும் கேட்காத மாலையையும் குறிக்கத் தவறலாகாது. மாணவர்கள் இதே இடத்தில் மாதந்தோறும் கேட்டு எழுதிவந்தால், சில ஆண்டுகளில் அவ்வூர்க் காட்டின் நிலையைக் காட்டும் ஏடு உருவாகும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைதல் கூடாது. பதிந்த குரலை ஒலிபெருக்கியில் திரும்ப ஒலிக்கச் செய்து பறவையை வரவழைக்கவும் கூடாது. அது எதிரி வந்ததாக எண்ணி இரையையும் கூட்டையும் விட்டு அலைக்கழியும்.

காட்டோரத்து நிசப்தமும் ஒரு வளமே. இரவெல்லாம் முழங்கும் ஒலிபெருக்கியும் லாரிகளின் இரைச்சலும் அந்தச் சில நிமிடக் குரலை மூழ்கடித்துவிடும். மரத்தையும் நீரையும் காப்பதுபோல் அந்தி வேளையின் அமைதியையும் காத்தால்தான், இத்தகைய பறவைகள் இன்னும் வாழ்கின்றனவா என்பதை அறிய முடியும்.