அலாய் வீலின் முதுகைப் பாருங்கள்

பெங்களூரு பிரேசர் டவுனிலிருந்து அலாய் வீல் தேடிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஜே.சி. ரோட்டுக்குத்தான் போகிறார்கள். பழசு கிடைத்தால் போதும் என்பவர்கள் சிவாஜி நகர் சந்துகளில் நுழைவார்கள். கடைச் சுவரில் எல்லா வீலும் முகத்தைக் காட்டித் தொங்கும். உங்கள் வண்டிக்கு அது பொருந்துமா என்று சொல்லும் எண்கள் பின்பக்கத்தில் இருக்கும். எனவே முதல் வேலை, வீலை இறக்கித் திருப்பச் சொல்வது.

15×6ஜே, ஈ.டி.45 என்று பொறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 15 அங்குலம், அகலம் 6 அங்குலம். ஈ.டி. என்பதுதான் ஆஃப்செட். வீல் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், வண்டியில் வீல் மாட்டும் ஹப்பில் போய் ஒட்டும் பரப்புக்கும் உள்ள தூரம் 45 மி.மீ. அந்தப் பரப்பு நடுக்கோட்டைவிட வெளிப்பக்கமாக இருந்தால் அது பாசிட்டிவ் ஆஃப்செட். இன்றைய கார்களில் அநேகமாக அதுதான். எண் கூடினால் வீல் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

அகலமும் சேர்ந்து மாறும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 6 அங்குல, ஈ.டி.45 வீலைக் கழற்றிவிட்டு 7 அங்குல, ஈ.டி.35 போடுகிறீர்கள். கூடுதல் ஓர் அங்குலம் பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆகப் பிரியும். ஆஃப்செட் 10 குறைந்ததால் வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பும் 2.7 மி.மீ. உள்ளே போகும். கடை வாசலில் நிற்கும்போது வண்டி கம்பீரமாகத்தான் தெரியும். பின்சீட்டில் மூன்று பேர் ஏறி, மாஸ்க் ரோட்டில் பார்க்கிங்கிலிருந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வெளியே வரும்போது டயர் மட்கார்டில் உரசும் சத்தம் கேட்கும். உரசாவிட்டாலும் வீல் பேரிங்கின் பாடு கூடும், பள்ளத்தில் ஸ்டியரிங் இழுக்கும்.

போல்ட் வட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் ஊர் மாருதி ஸ்விஃப்ட்டுக்கும் ஹோண்டா சிட்டிக்கும் 4×100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட். அதனால் ஒன்றின் வீல் மற்றதற்கு ஆகும் என்று விற்பவர் சொன்னால் சென்டர் போரை, அதாவது ஹப்பில் ஏறும் நடுத்துளையின் அளவைக் கேளுங்கள். ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ., சிட்டி ஹப் 56.1. ஸ்விஃப்ட்டின் வீல் சிட்டி ஹப்பில் ஏறவே ஏறாது. சிட்டியின் வீல் ஸ்விஃப்ட்டில் ஏறும். ஆனால் இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கக்கூடும். நட்டும் வேறு. ஹோண்டாவின் கம்பெனி வீலில் நட்டு உட்காரும் குழி உருண்டை, மாருதியில் கூம்பு. மாற்றி முடுக்கினால் நட்டு சரியாகப் படியாது, ஓட ஓடத் தளரும்.

டயரின் மொத்த உயரமும் மாறக் கூடாது; மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621.5 மி.மீ., 195/55 ஆர்16-க்கு 620.9. நல்ல ஜோடி. ஆனால் பக்கச்சுவர் 13 மி.மீ. குறைகிறது, பெங்களூரு பள்ளங்களில் அந்த அடி ரிம்மில்தான் விழும். என்னைக் கேட்டால் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. உங்கள் மாடலின் உயர்ரக வேரியண்டில் கம்பெனியே தரும் அளவு என்றால் சிக்கல் குறைவு.

டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் வீலை முன்பக்கத்தில் மாட்டி, பிரேக் காலிப்பரில் இடிக்காமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். டயர் ஏற்றியபின் ஆட்களை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். சுமார் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். மாட்டிப் பார்க்க விடமாட்டேன் என்கிற கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள், ஜே.சி. ரோட்டில் கடைக்கா பஞ்சம்?