ஆலய ஆர்கனின் தந்தக் கட்டைகள்

நம் திருச்சபைகளில் உள்ள பழைய பியானோக்களிலும், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன்களிலும் வெள்ளைக் கட்டைகள் மஞ்சளித்திருப்பதைக் காணும் சபையார், அவை அழுக்கேறிவிட்டன என்றே எண்ணுகின்றனர். ஆலய நூற்றாண்டு விழா நெருங்குமாயின், சுவர்களுக்கு வெள்ளை அடிப்பதோடு கட்டைகளையும் வெளுத்துவிட வேண்டும் என்ற ஆர்வம் எழுகின்றது. ஆர்வம் நல்லதே. ஆனால் தந்தத்தின்மேல் காணும் நிறமாற்றம் ஒரே வகையானதன்று. கைகளிலிருந்து படிந்த அழுக்கு ஒன்று; தந்தத்தின் நுண்துளைகளுள் ஊறிவிட்ட கறை மற்றொன்று; மூப்பினால் தந்தமே கொள்ளும் மஞ்சள் நிறம் மூன்றாவது. முதலாவதை நீக்கலாம்; இரண்டாவதை ஓரளவு குறைக்கலாம்; மூன்றாவதை விட்டுவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

போடிநாயக்கனூரையும் அதற்கு மேலே ஏலமலைச் சரிவுகளில் உள்ள ஆலயங்களையும் மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம். இசைக்கருவிக்கு இதைவிடக் கடினமான சோதனைக்களம் அரிது. போடி மழைமறைவில் அமைந்த வெப்பமான ஊர். அங்கிருந்து போடிமெட்டு மலைப்பாதையில் நான்காயிரம் அடிக்கு மேல் ஏறிவிட்டால், ஜூன் தொடங்கிப் பல மாதங்கள் மழையும் மூடுபனியுமே. கீழே மரம் காய்ந்து சுருங்கித் தகடுகள் ஓரத்தில் கிளம்புகின்றன, மேலே கட்டைகளின் கம்பளித் துணி ஈரத்தால் பருத்து, அழுத்திய கட்டை எழும்பாமல் நின்றுவிடுகின்றது, பசை இளகுகின்றது, பூஞ்சணம் படர்கின்றது. மலையிலிருந்து கருவியைக் கீழே கொண்டுவந்து பழுது பார்த்து, உடனே மேலே ஏற்றுவது அதனை இருமுறை வருத்துவதாகும். பழுது பார்ப்பவர் மலைக்குச் செல்வதே நலம்.

கட்டையைத் தொடுமுன் அது தந்தந்தானா என்று அறிதல் வேண்டும். தந்தக் கட்டை என்றாலும் முழுவதும் தந்தமன்று; மரக்கட்டையின்மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு ஒட்டப்பட்டிருக்கும், அவ்வளவே. விரல்படும் அகன்ற முன்பகுதியும், கறுப்புக் கட்டைகளின் இடையே செல்லும் ஒடுங்கிய பின்பகுதியும் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகள். இரண்டும் கூடுமிடத்தில் மயிரிழை போன்ற கோடு தெரியும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் மரத்தில் காண்பதுபோன்ற மெல்லிய வரிகள் ஒழுங்கற்று ஓடும். எலும்பாயின் சிறு கரும்புள்ளிகள் தென்படும். செல்லுலாயிடு ஒரே துண்டாக இருக்கும். அதில் வரிகள் இரா, இருந்தாலும் அச்சிட்டதுபோல் நேராக இருக்கும். கால்மிதி ஆர்கன்களுள் பல செல்லுலாயிடு கட்டைகள் உடையவை. ஆகையால், நம் ஆலயத்துத் தந்தக் கட்டைகள் எனப் பெருமையோடு காட்டப்படுபவை தந்தமல்லாதிருப்பதும் உண்டு.

இச்செல்லுலாயிடு, தந்தத்திற்கு மாற்றுத் தேடியவர்களால் உண்டானதே. 1870ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றவர்களுள் முதன்மையானவர் ஜான் வெஸ்லி ஹையட் என்னும் அமெரிக்கர். (பெயரைக் கேட்டு மெதடிஸ்டு நண்பர்கள் மகிழ்வார்களாக.) அதில் சூடம் கலந்திருப்பதால், துணியால் சற்று அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் சூட மணம் வரும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கலாம் என்று சிலர் கூறுவர். செல்லுலாயிடு சட்டெனத் தீப்பற்றும் பொருளாதலால், அதனை ஒருபோதும் செய்யலாகாது. ஸ்பிரிட்டும் அதற்கு ஆகாது. மலையடிவாரத்து ஆலயம் ஒன்றில் அன்பர் ஒருவர் ஸ்பிரிட் கொண்டு துடைக்க, கட்டையின் மேற்பரப்பு இளகி அவர் விரல்ரேகையே அதில் பதிந்துவிட்டதை நாம் கண்டிருக்கின்றோம்.

தந்தந்தான் என்று தெளிந்தபின், அது எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணுதல் தகும். தீருவின் வாணிகத்தைப் பாடும் எசேக்கியேல் 27ஆம் அதிகாரம் யானைத் தந்தத்தையும் கருங்காலியையும் ஒருங்கே குறிப்பிடுகின்றது. பியானோவின் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் உரிய பொருள்கள் இவ்விரண்டுமே. சாலொமோனின் தந்த சிங்காசனத்தையும், ஆகாப் கட்டிய தந்த அரண்மனையையும் நாம் அறிவோம். தந்தக் கட்டில்களில் சாய்ந்திருந்தோரை ஆமோஸ் கடிந்துரைத்தது வெறும் அணியன்று. சமாரியாவில் 1931 முதல் 1935 வரை நடந்த அகழாய்வில் செதுக்கிய தந்தத் துண்டுகள் ஏராளமாய்க் கிடைத்தன. வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் சரக்குப் பட்டியலில் தந்தப் பொருள்கள் இடம்பெற, அப்பட்டியல் மனிதரையே விற்பதில் முடிகின்றது.

அப்பட்டியலின் கடுமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மெய்ப்பித்தது. பியானோக் கட்டைகளுக்குரிய தந்தம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவினது. கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து அதனைச் சுமந்து கடற்கரை சேர்த்தவர்களுள் அடிமைகளும் பலர். தந்தமும் அடிமைகளும் சான்சிபாரில் ஒரே வணிகர்களின் கைகளில் விலைபோயின. அங்கே அடிமைச் சந்தை மூடப்பட்டது 1873ஆம் ஆண்டிலேயாகும். சான்சிபாரிலிருந்து சென்ற தந்தம் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் டீப் ரிவர், ஐவரிட்டன் ஆகிய சிற்றூர்களில் தகடுகளாக அறுக்கப்பட்டது. பின்னதன் பெயரே தந்தத்தால் வந்தது. 1834இல் மதுரையில் பணிதொடங்கிய அமெரிக்க மிஷனை அனுப்பிய சங்கத்தின் தலைமையிடமாகிய பாஸ்டன் அதற்கு அண்டை மாநிலத்தில் உள்ளது; மேசன் ஹாம்லின் ஆர்கன்கள் செய்யப்பட்டதும் அந்நகரிலேயே.

இது தொலைநாட்டுக் கதை மட்டுமன்று. ஏலமலையின் தென்பகுதியில் உள்ள பெரியாறு காட்டில், தந்தத்திற்காகக் களிறுகள் கொல்லப்பட்டதனால், 1980களின் இறுதியில் வளர்ந்த களிறு ஒன்றுக்குப் பிடிகள் நூற்றுக்கு மேல் என்ற நிலை ஏற்பட்டது. ஆசிய யானைகளில் களிறுகளுக்கே கொம்பு உண்டு என்பதை நினைவிற்கொள்க. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்யப்பட்ட திருத்தம் இந்தியத் தந்த வாணிகத்தையும், 1991இல் செய்யப்பட்ட திருத்தம் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்தின் வாணிகத்தையும் தடைசெய்தன. எனவே, பழைய ஆர்கனிலிருந்து கழற்றிய தகடுகளை விற்று விழாச் செலவுக்குச் சேர்க்கலாம் என்னும் யோசனை எழுந்தால், ஆயர் அதனை உறுதியாக மறுத்தல் வேண்டும். கருவியையே பிறருக்குக் கொடுப்பதாயினும் முதலில் வனத்துறை அலுவலரைக் கேட்டறிதல் கடமை. ஒரு மில்லிமீட்டர் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து வெண்மையாக்குவது, ஓர் உயிரின் விலையாகவும் மனிதச் சுமையின் விலையாகவும் வந்த பொருளைத் தூளாக்கி ஊதிவிடுவதே அன்றி வேறன்று.

இனி, துடைக்கும் முறை. மென்மையான பருத்தித் துணியை நீரில் நனைத்து, நீர் சிறிதும் சொட்டாதபடி இறுகப் பிழிந்து, பின்னிருந்து முன்னாக ஒவ்வொரு கட்டையாகத் துடைக்க வேண்டும். தலையெண்ணெயும் விரல் வியர்வையும் படிந்திருந்தால் துணியில் மென்மையான சோப்பு ஒரு துளி போதும். பின்னர் வெறும் ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி. நீர் பக்கவாட்டில் இறங்கினால் மரம் பருக்கும்; தகட்டின் அடியில் இறங்கினால் பசை விடும். கறுப்புக் கட்டைகளுக்கு வேறு துணி வேண்டும். அவற்றின் சாயம் வெள்ளையில் ஏறிவிடலாம்.

நம் நாட்டுக்கே உரிய கறை மஞ்சள். அதன்மேல் சோப்பிட்டால் சிவந்து காண்போரை அச்சுறுத்தும். வெறும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் விட்டால், அது சில நாள்களில் தானே மங்கும். அரிக்கேன் விளக்கின் புகைக்கரி மெல்லத் துடைத்தால் வந்துவிடும். மூடியடியில் ஆணி துருப்பிடித்து ஒழுகிய கறை ஆழ்ந்து ஊறியது. அதனோடு போராட வேண்டாம்.

காணிக்கைத் தட்டைப் புளியிட்டுத் துலக்கும் கை, கட்டைகளுக்கும் புளியையோ எலுமிச்சையையோ நாடக்கூடும். தந்தம் பற்களைப்போலவே சுண்ணச்சத்து உடையது. புளிப்பு அதனை அரித்துவிடும். சாம்பலும் பாத்திரம் துலக்கும் தூளும் கீறும். பெராக்சைடு வெளுக்கும் என்பது மெய். தொழிற்சாலைகளில் தந்தத்தை அதில் இட்டபின் கண்ணாடிக் கூரையின்கீழ் வாரக்கணக்கில் வெயிலில் வைத்து வெளுத்தனர். ஆயின் அது மரத்தில் ஒட்டுமுன் செய்த வேலை. ஒட்டிய கட்டைக்கு அதனை நாம் பரிந்துரைக்கவில்லை. தந்தம் இருளில் விரைந்து மஞ்சளிக்கும் இயல்புடையது. ஆகவே மழையில்லாப் பகல்வேளைகளில் மூடியைத் திறந்து வைத்தலே எளிய மருந்து. நேர்வெயில் மட்டும் படலாகாது, தகடு வெடிக்கும்.

கிளம்பிய தகட்டை இரும்புப் பசைகளால் ஒட்டவேண்டாம். தச்சர் பயன்படுத்தும் வச்சிரத்தைச் சூடாக்கி ஒட்டினால், பின்னொரு நாள் தேவைப்படும்போது ஈரச்சூட்டால் மீண்டும் எடுக்கலாம். தந்தம் ஒளி ஊடுருவும் பொருளாதலால், அடியில் உள்ள பசையின் நிறம் மேலே தெரியும். அதற்காகவே பழைய தொழிலாளர் வெள்ளைத் துணியோ சுண்ணமோ இடையில் வைத்தனர். தகடு தொலைந்த கட்டைக்குப் பிளாஸ்டிக் தகடு போதும். ஒன்றிரண்டு வேறு நிறமாக இருப்பதால் கீர்த்தனைக்குக் குறைவில்லை. விழுந்த துண்டு எதுவாயினும், மரக்கட்டையில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக் காகித உறையிலிட்டு, ஆர்கனின் உள்ளேயே வைத்து, ஆலயப் பொருள் பதிவேட்டிலும் அதனை எழுதிவிட வேண்டும்.