காந்த வேலியில் சுருளும் சூரியக் காற்று

ஆடிக் காற்றில் பேரையூர்ப் பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் கிடந்தால், திரை திரையாக அலை எழும். காற்றும் நீரும் வெவ்வேறு வேகத்தில் உரசும்போது, சின்ன நெளிவுகூடத் தானாக வளர்ந்துவிடும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868-லும் கெல்வின் 1871-லும் கணக்குப் போட்டுக் காட்டிய இதே நிலையின்மை, நம் தலைக்கு மேல் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் நடக்கிறது.

அங்கே வீசுவது சூரியக் காற்று. மின்னேற்றத் துகள்களாலான பிளாஸ்மா. வேகம் வினாடிக்குச் சுமார் 400 கி.மீ. பூமியின் காந்தப்புலம் குறுக்கே நிற்பதால், சூரியக் காற்று அதன் இரு விலாவையும் உரசிக்கொண்டு ஓடுகிறது.

அந்தக் காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கினால் பூமியின் புலத்தோடு பிணைந்து வாசல் திறக்கும். வடக்கு நோக்கினால் பெரும்பாலும் அடைத்தே இருக்கும். இதுதான் பாடம். ஆனால் வடக்கு நோக்கிய சாதுவான வேளைகளில்தான் பூமியின் காந்தப்புல எல்லையின் உட்புறத்தில் சூரியப் பிளாஸ்மா அதிகம் சேர்ந்து கிடந்தது. எந்த வழியாக நுழைந்தது?

2001 நவம்பர் 20 அன்று ஐரோப்பாவின் நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் அந்த விலாப்பக்கம் இருந்தன. ஒற்றைச் செயற்கைக்கோளாக இருந்திருந்தால், எல்லை வெறுமனே முன்னும் பின்னும் ஆடியதா, சுருண்டதா என்று சொல்லியிருக்க முடியாது. நான்கு இருந்ததால் வரிசை தலைகீழானது தெரிந்தது: வெளியே இருக்கவேண்டிய அடர்ந்த பிளாஸ்மா, உள்ளே இருக்கவேண்டிய மெல்லிய பிளாஸ்மாவையும் தாண்டி உட்பக்கம் கிடந்தது. அலை மடிந்து சுழியாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அந்தச் சுழிகள் பிளாஸ்மா உள்ளே நுழையும் வழியாகலாம் என்று ஹசெகாவா தலைமையிலான ஆய்வுக் குழு 2004-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது.

தெற்கு வாசல் திறந்த கதைக்கு ஊட்டியே சாட்சி. 2015 ஜூன் 22 அன்று அங்குள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கியில் காஸ்மிக் கதிர்வரத்து சுமார் இரண்டு மணி நேரம் கூடியது. பூமியின் காந்தக் கேடயம் தற்காலிகமாகத் தளர்ந்ததே காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

விலாவில் எழும் அலைகள் காந்தக் கோடுகளை ஆட்டும். சில நிமிடத்துக்கு ஒரு துடிப்பாகத் தரையிலுள்ள காந்தமானிகளில் அது பதிவாகும். பேரையூருக்குத் தெற்கே, நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வானத்து மின்னோட்டங்களைக் கவனிக்க அதைவிடத் தோதான இடம் அரிது.

செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து 2023 செப்டம்பர் 2-ல் புறப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலம், பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலத்தின் திசையை அளக்கிறது. காற்று அங்கிருந்து பூமியை எட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம். காந்தப் புயலை முன்கூட்டிச் சொல்ல அது போதும். சுழிகளோ அதன் பார்வைக்கு எட்டாத எல்லையோரத்தில் பிறக்கின்றன. அவற்றைப் பிடிக்க, நாசா 2015-ல் அனுப்பிய எம்எம்எஸ் போல நான்கு செயற்கைக்கோள்கள் சேர்ந்து பறக்க வேண்டும்.